முதலில் ஆல்டோ வரியைப் பார்

அன்புள்ள மலர்,

அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். மழைதான் நேரங்காலம் இல்லாமல் கொட்டுகிறது.

பாடகர் குழு உன் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையாக ஜாஸ் பாட வைக்கப் போகிறாயாமே! இந்த ஆண்டு உங்களுக்குச் சிங்கப்பூர் இளையர் விழா இல்லை என்பதால் சோதித்துப் பார்க்க நல்ல நேரம்தான். எந்த ஸ்கோரை, அதாவது அச்சிட்ட இசைப் பிரதியை, தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. ஆனால் நீ கேட்டு மயங்கிய அந்த ஒலிப்பதிவு வேண்டாம். அது ஜீன் பியூர்லிங் குரல்களுக்குப் பிரித்து எழுதி, சிங்கர்ஸ் அன்லிமிடெட் என்ற குழு பாடியது. நான்கே பேர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தங்கள் குரல்மேலேயே திரும்பத் திரும்பக் குரலை அடுக்கிச் செய்த வேலை. மேடையில் நிற்கும் 34 பிள்ளைகளிடம் அதை எதிர்பார்த்தால் பழி அவர்கள்மேல் விழும். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

கடையில் ஸ்கோரைக் கையில் எடுத்ததும் எல்லாரும் மேல் குரலான சொப்ரானோவின் வரியைத்தான் முணுமுணுப்பார்கள். மெட்டு அங்கே இருக்கிறது, எந்தப் பாட்டும் அழகாகத்தான் தெரியும். நீ அந்த வரியைக் கையால் மறைத்துவிட்டு அதற்கு அடுத்த கீழ்க் குரலான ஆல்டோவை மட்டும் பியானோ இல்லாமல் பாடிப் பார். உனக்கே இரண்டு இடத்தில் தடுமாறினால் உன் 11 ஆல்டோக்களுக்கு எட்டு இடத்தில் தடுமாறும். ஒவ்வொரு நுழைவிலும் அவர்களுடைய முதல் ஸ்வரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார். முந்தைய அளவில், அதாவது முந்தைய நான்கு துடிப்பில், வேறொரு குரலோ பியானோவோ அந்த ஸ்வரத்தைத் தொட்டிருந்தால் பிடித்துக்கொள்வார்கள். வெறும் காற்றிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் ஸ்கோரை அலமாரியிலேயே திருப்பி வை.

பாட்டைக் குரல்களுக்குப் பிரித்து எழுதும் நல்ல ஜாஸ் அரேஞ்ச்மென்டில் நடுக் குரல்கள் அதிகம் தாவாது, அரை ஸ்வரமாக நழுவும். நம் ஸ்வரத்திலேயே சொல்கிறேன். ஜாஸில் அடிக்கடி வரும் மூன்று கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, எடுத்துக்கொள்: ரி-ம-த-ஸ, பிறகு ப-நி-ரி-ம, கடைசியில் ஸ-க-ப-நி. ஆல்டோ ஸ, நி, நி என்று பாடினால் போதும். அதற்குக் கீழே ஆண் குரல் ம, ம, க. ஆளுக்கு ஒரே ஓர் அசைவு, அதுவும் அரைப் படி. மூன்று கார்டின் நிறமும் இந்த இரண்டு வரியிலேயே வந்துவிடும். மற்றதைச் சொப்ரானோவும் பியானோவும் பார்த்துக்கொள்ளும்.

வில்லங்கம் கடைசிக் கார்டில். ஆல்டோ நி-யில் நிற்க, அதற்கு அரைப் படி மேலே சொப்ரானோ ஸ-வில் நிற்கும். நிஷாதம் ஸட்ஜத்தை நோக்கி இழுக்கும் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்களை அறியாமலே மேலே ஏறி சொப்ரானோவோடு சேர்ந்துவிடுவார்கள். கார்டு சப்பென்று ஆகிவிடும், யாருக்கும் காரணம் புரியாது. அடியில் ஸ-வை மட்டும் பியானோவில் பிடித்து, அதன்மேல் ஆல்டோவை நி-யில் நிறுத்திப் பழக்கு. அது அசையாமல் நின்ற பிறகே சொப்ரானோவைச் சேர். முதல் பாட்டுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், ஸ-க-ப-த என்று முடிகிற ஸ்கோராகத் தேடு. தைவதம் யாரோடும் உரசாது. முடிவில் ஆறேழு ஸ்வரமாகக் குரல் பிரிந்தால் பஞ்சமத்தை முதலில் விட்டுவிடலாம், காது அதைத் தேடாது. க-வையும் நி-யையும் மட்டும் விடாதே.

உன் எட்டுப் பையன்களுக்கும் 13, 14 வயது என்றால் குரல் உடைகிற பருவம். எஸ்ஏபி (சொப்ரானோ, ஆல்டோ, ஆண் குரலான பாரிடோன்) என்று அட்டையில் போட்டிருந்தாலே வாங்கிவிடாதே. அதில் பாரிடோன் வரி பெரிய ஆண்களின் ஆழத்துக்கு இறங்கிவிடும். ‘மூன்று பகுதிக் கலப்புக் குரல்’ என்று தனியாக வரும் பதிப்புகளில் பையன்களின் வரி பியானோவின் நடு சி-யைச் சுற்றியே இருக்கும். கீழே எஃப், மேலே டி, அந்த எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தால் போதும். பாடகர் குழுக்களுக்கு ஜாஸ் அரேஞ்ச்மென்ட் செய்யும் கர்பி ஷா எழுதியவற்றில் ஒரே பாட்டே இரண்டு குரல், மூன்று குரல், நான்கு குரல் என்று பல பதிப்பாகக் கிடைக்கும். அங்கிருந்து தொடங்கு.

கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. 32 அளவுப் பாட்டுகள் பலவற்றில் முதல் எட்டு அளவு மூன்று முறை வரும், ஆக உண்மையில் 16 அளவுதானே புதிது என்று நீ கணக்குப் போடுவாய். அரேஞ்ச்மென்ட் எழுதுகிறவர்கள் அப்படி விடமாட்டார்கள். மூன்றாம் முறை கார்டுகளை மாற்றுவார்கள், கடைசிச் சுற்றில் சுருதியை அரைப் படி ஏற்றுவார்கள். முதல் பக்கத்தில் ஈ-யோடு நின்ற சொப்ரானோ அங்கே எஃப்-இல் கத்திக்கொண்டிருக்கும்.

வேகம். மெதுவான பாட்டு சுலபம் என்று நினைக்காதே, அதுதான் கழுத்தை அறுக்கும். நிமிடத்துக்கு 60 துடிப்பில் நான்கு அளவு ஒரே மூச்சில் பாட 16 வினாடி வேண்டும். 132-இல் அதே நான்கு அளவு ஏழு வினாடி சொச்சம். மூச்சு தீர்ந்ததும் சுருதி இறங்கும், நெருக்கமான கார்டுகளில் அது உடனே காட்டிக்கொடுக்கும். 120-இலிருந்து 140-க்குள் துள்ளி நடக்கிற ஒரு ஸ்விங் பாட்டு, கூட பிரேசில் பாணியான பாஸ்ஸா நோவா ஒன்று என்று எடு. பாஸ்ஸா நோவாவில் அரைத் துடிப்புகள் சமமாக விழுவதால் ஸ்விங் வராத பிள்ளைகளும் தைரியமாகப் பாடுவார்கள்.

ஸ்விங்கை, துடிப்பை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் சொல்லிக்கொடு. தகிட என்பதில் ‘த’வில் பாடி, ‘கி’யில் நீட்டி, ‘ட’வில் அடுத்த அசை. புள்ளி வைத்த முக்கால் துடிப்பு ஸ்வரமும் கால் துடிப்பு ஸ்வரமுமாக அச்சடித்த ஸ்கோர் என்றால் ஒதுக்கு, பிள்ளைகள் எழுதியபடியே பாடுவார்கள், அணிவகுப்பு மாதிரி வெட்டி வெட்டி வரும். அடுத்தது, ஆதி தாளத்தில் வளர்ந்த கை சமத்தில்தான் தட்டும். ஜாஸில் சொடுக்கு இரண்டிலும் நான்கிலும். கால் ஒன்றிலும் மூன்றிலும் மிதிக்கட்டும், இல்லாவிட்டால் சொடுக்கு முந்திக்கொண்டு ஓடும். பாட்டு 132 என்றால் மெட்ரோனோமை 66-இல் வை. கேட்கிற ஒவ்வொரு ‘டிக்’கும் இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு பாடச் சொல்.

‘டூ’, ‘பா’ என்று பொருளில்லாத அசைகளாகப் பாடும் ஸ்கேட் பகுதி எழுதித் தந்திருக்க வேண்டும், எட்டு அளவுக்கு மிஞ்சக்கூடாது, எல்லாரும் ஒரே வரி. ‘தனிக்குரல், விருப்பம்போல்’ என்று காலியாக விட்டிருந்தால் அங்கே மௌனம்தான் வரும். அந்த ‘டூ’ நம் டமாரத்து ‘ட’ இல்லை. நாக்கை மடக்கினால் ஒலி கனத்துவிடும். மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் நுனி மட்டும் பட்டு விலகட்டும்.

பியானோப் பகுதி முழுசாக எழுதியிருக்கிறதா, கார்டுப் பெயர்கள் மட்டுமா என்று பார்த்துக்கொள். கிளாசிக்கல் மட்டும் படித்தவர் வாசிக்கப் போகிறார் என்றால் வெறும் பெயர்களை வைத்துக்கொண்டு விழிப்பார். டிரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ். மண்டப எதிரொலியில் குச்சிச் சத்தம் பையன்கள் எட்டுப் பேரையும் விழுங்கிவிடும்.

பிரதி 36 வாங்க வேண்டும், 34 பிள்ளைகளுக்கும் உனக்கும் பியானோவுக்கும். ஒன்றை வாங்கி நகல் எடுக்கிற யோசனை இருந்தால் மறந்துவிடு. முடிவுக் கார்டில் ஒரு ஸ்வரத்தை விடுவது வேறு, வரியையே மாற்றி எழுதுவதென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். வெளியில் டிக்கெட் போட்டு நடத்தினால் பாடல் உரிமைகளைக் கவனிக்கும் காம்பாஸ் அமைப்பின் உரிமத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

பத்து வாரத் தவணையில் வாரம் இரண்டு ஒத்திகை, மொத்தம் இருபது. இரண்டு பாட்டுக்கு அது சரியாக இருக்கும். மூன்றாவது வேண்டுமென்றால் ஒரே குரலில் பாடுகிற எதையாவது போடு.

சனிக்கிழமை தேக்காவில் பார்ப்போம். மனத்தில் வைத்திருக்கும் ஸ்கோர்களைக் கொண்டுவா, ஆல்டோ வரியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவா, மழை.

அன்புடன்,
சாந்தி