பரணில் கிடைத்த பாட்டில்

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள், இரண்டாம் கட்டு முழுக்கத் தூசி. பரணை ஒழித்தபோது ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த பச்சைக் கண்ணாடி பாட்டில் ஒன்று அகப்பட்டது. அடிப்பாகம் நடுவில் மேடு, சுற்றிலும் பள்ளம்.

வெற்றிடமே நிலையில்லாதது என்கிறார்களே, உலகம் என்னவாகும் என்று கேட்டிருந்தாய். இந்த பாட்டிலை வைத்தே சொல்கிறேன். வெற்றிடத்திலும் ஹிக்ஸ் புலம் என்று ஒன்று நிறைந்திருக்கிறது, அதன் நிலையை ஒரு மிளகாக நினைத்துக்கொள்.

உள்ளே ஒரு மிளகைப் போட்டேன். மேட்டில் நிற்காமல் உருண்டு பள்ளத்தில் ஒரு பக்கமாகத் தங்கியது. மறுபடி போட்டால் வேறு பக்கம். பாட்டில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான், மிளகுதான் ஒரு திசையைப் பிடித்துக்கொள்கிறது. விதியில் சமச்சீர் அப்படியே இருக்க, நிலையில் மட்டும் உடைகிறது. தன்னிச்சையான சமச்சீர் முறிவு என்பது இதுதான். இந்த வடிவத்துக்கு முப்பது வருஷம் கரும்பலகையில் மெக்சிகோக்காரர் தொப்பியை வரைந்து பாடம் நடத்தினேன், பிள்ளைகள் யாரும் கண்ணால் பார்த்திராத தொப்பி. இது அத்தனை நாளும் பரணில் இருந்திருக்கிறது.

பள்ளத்திலேயே சுற்றிவர மிளகுக்குச் செலவில்லை, சுவரில் ஏறத்தான் ஆற்றல் வேண்டும். முதல் அசைவு இயற்பியலாளர் கோல்ட்ஸ்டோன் சொன்ன நிறையில்லாத் துகள், அடுத்தது ஹிக்ஸ் துகள். இயற்கையில் அந்தச் சுற்றும் அசைவுகளை, வலுக்குறைந்த அணுக்கரு விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் துகள்கள் விழுங்கி நிறை பெற்றுவிட்டன. 1964-இல் காகிதத்தில் எழுதிய ஹிக்ஸைக் கண்டுவிட்டதாக ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் அறிவித்தது 2012 ஜூலை 4 அன்று.

சரி, உன் கவலைக்கு வருகிறேன். பாட்டில் பரண்மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள். மிளகு பள்ளத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் தரை அதைவிடக் கீழே. குவாண்டம் உலகில் சுவரை ஏறாமலே ஊடுருவி வெளியே வர மிகச் சிறு வாய்ப்பு உண்டு. ஹிக்ஸ் நிறை சுமார் 125, நாம் அறிந்த அடிப்படைத் துகள்களிலேயே கனமான டாப் குவார்க்கின் நிறை சுமார் 173 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையை அளக்கும் அலகு). புதிய துகள் எதுவும் இல்லையென்றால், இந்தக் கணக்கில் நம் வெற்றிடம் அப்படிப்பட்ட மேல்பள்ளத்தில்தான் இருக்கிறது. டாப் நிறை கொஞ்சம் குறைவாக அளக்கப்பட்டால் முழு நிலையான பக்கத்துக்கே போய்விடும். நழுவினால் கீழ்நிலை வெற்றிடத்தின் குமிழி ஒன்று தோன்றி ஏறத்தாழ ஒளி வேகத்தில் பரவும். ஆனால் அதற்கு ஆகும் காலத்தின் முன் பிரபஞ்சத்தின் 1380 கோடி ஆண்டு வயது ஒன்றுமே இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கு, காலைப் பார்த்துக்கொள்.

பாட்டிலைக் கழுவி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், மிளகு உள்ளேயேதான் இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு வரும்போது நீயே உருட்டிப் பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்