ஜோ ஹிக்கின்ஸ்: கட்டுரையில் விட்டுப்போனது

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்து இடதுசாரித் தலைவர் ஜோ ஹிக்கின்ஸைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிண்டல் பேச்சுக்காரர், சிறைக்குப் போன கலகக்காரர், அவ்வளவுதான் மனிதர் என்பதுபோல் எழுதியிருந்தார்கள். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டப்ளின் மேற்குத் தொகுதியில்தான் குடியிருக்கிறேன். பிழைப்புக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்.

அன்றைய பிரதமர் பெர்ட்டி ஆஹெர்னிடம் கேள்வி கேட்பது வைக்கோல்போரில் பந்தடிப்பது போல, 'தொப்' என்று சத்தம் வரும், பந்து திரும்பாது என்று அவர் சொன்னது இங்கே பிரசித்தம். சிறைக் கதையும் உண்மைதான். 2003இல் குப்பைக் கட்டணத்தை எதிர்த்து லாரிகளை மறித்தார்; நீதிமன்றத் தடையை மீறியதாக அவருக்கும் அவர் கட்சியைச் சேர்ந்த கிளேர் டேலிக்கும் ஒரு மாதச் சிறை. லாரியை மறித்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கட்டணத்துக்குப் பின்னாலேயே குப்பை அள்ளத் தனியாரும் வருவார்கள் என்றார், வந்துவிட்டார்கள்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது 2005இல் நடந்த காமா விவகாரம். காமா, துருக்கியைச் சேர்ந்த கட்டுமான நிறுவனம். அயர்லாந்தில் அரசு ஒப்பந்தங்களை எடுத்துத் துருக்கியிலிருந்தே ஆட்களை இறக்கியது. அவர்களுக்கு மணிக்கு 2, 3 யூரோதான் தருகிறார்கள், வாரத்துக்கு 80 மணி நேரம் வரை வேலை வாங்குகிறார்கள் என்று ஹிக்கின்ஸ் நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். அன்றைய குறைந்தபட்சக் கூலி 7 யூரோ. நிறுவனம் மறுத்தது. பிறகுதான் ஆம்ஸ்டர்டாம் வங்கி ஒன்றில் தொழிலாளர்கள் பெயரிலேயே கணக்குகள் இருப்பது வெளியே வந்தது. அப்படியொரு கணக்கு இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அவர்கள். வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துதான் தீர்வு கிடைத்தது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். ஏட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கும். பணம் யார் கையில் சேர்ந்தது என்பதை ஏடு சொல்லாது. அதைத் தொழிலாளியிடம்தான் கேட்க வேண்டும். அவர்களோ வாய் திறக்கப் பயந்தவர்கள். அன்று வேலை அனுமதியே முதலாளி பெயரில்தான் இருந்தது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே போகும்.

ஓட்டுக்காகச் செய்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தத் துருக்கியர்களுக்குப் பொதுத் தேர்தலில் ஓட்டே கிடையாது. 2007இல் அவர் தோற்றுப்போனார், 2011இல்தான் மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் போக முடிந்தது. உறுப்பினர் சம்பளத்திலும் ஒரு சராசரித் தொழிலாளியின் ஊதியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் போராட்டங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

வங்கிகளையெல்லாம் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற அவருடைய பொருளாதாரம் எனக்கு ஒத்துவராது. அது வேறு வழக்கு. 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றப் பதிவுகள் எல்லோரும் படிக்கக் கிடைக்கின்றன. கட்டுரையாளர் அவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து, விட்டதை இன்னொரு ஞாயிறு இதழில் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிளான்சர்ட்ஸ்டவுன், டப்ளின்