சங்கத் தலைவர்களுக்கு அரசுப் பாராட்டு: பரிந்துரை எழுதும் முன்

சேலம், ஏற்காடு முன்னாள் படைவீரர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொடி நாள் டிசம்பர் 7, முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. இந்த நாட்களை ஒட்டி நம் கிளைத் தலைவர்களின் பெயரைப் பாராட்டுக்குப் பரிந்துரைக்க விரும்புவோர், முதலில் தாள்களைச் சரிபாருங்கள்.

தலைவரின் டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவித்த சான்றுப் புத்தகம்), பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை), ஆதார் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இடறுவது இனிஷியலில்தான்: படை ஆவணத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஆதாரில் ஓரெழுத்து மட்டும். படை ஆவணத் திருத்தம் ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) வழியாகப் போவதால் மாதக்கணக்கில் இழுக்கும், இன்றே தொடங்குங்கள்.

சங்கப் பதிவுச் சான்று, நடப்பு நிர்வாகிகள் பட்டியல், பொதுக்குழுத் தீர்மான நகல் ஆகியவற்றையும் சேருங்கள். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளரிடம் தெரிவிக்காவிட்டால் பழைய தலைவர் பெயரே அங்கே நிற்கும்.

பணிக்குறிப்பு ஒரு பக்கம் போதும். "அயராது உழைத்தவர்" என்று எழுதிப் பயனில்லை. எத்தனை விதவையருக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தந்தார், எத்தனை பேரின் பி.பி.ஓ.வில் மனைவி பெயரைச் சேர்க்க உதவினார், கொடி நாளுக்கு எவ்வளவு திரட்டினார் என்று ஆண்டுவாரியாக, ரசீது நகலுடன் எழுதுங்கள். விதவையர் காரியத்தை முதலில் வையுங்கள். நம் சங்கம் இருப்பதே அதற்காகத்தான்.

மூன்று நகல் எடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.