மீனாவுக்கு, ஆபீஸ் முகவரிக்கு

பாளையங்கோட்டை
ஞாயிறு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. மாடித் தொட்டியைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார், இன்னும் ஒழுகுகிறது. மாப்பிள்ளையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

கடிதம் வீட்டுக்கு வராமல் ஆபீசுக்கு வருகிறதே என்று பயந்துவிடாதே. போனில் உன் மியூச்சுவல் ஃபண்ட் பணத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே "அதை விடுங்களேன் அப்பா" என்கிறாய். பக்கத்தில் யாராவது இருந்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். இந்த மாதம் முழுக்க அம்மாவிடம் மட்டும்தான் பேசினாய். எழுதினால் படிப்பாய் என்று எழுதுகிறேன். அப்புறம் உன் இஷ்டம்.

உன் வருமான வரி ரிட்டர்னைப் போட்டுவிட்டேன். இ-வெரிஃபை மட்டும் நீ செய்ய வேண்டும், 30 நாளுக்குள். ஓ.டி.பி. உன் போனுக்கு வரும். அதுவாவது உன் போனுக்கு வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட் கேட்டபோது "பெரிய அத்தானிடம் கேட்டு அனுப்புகிறேன்" என்றாய். வருவதற்குப் பத்து நாள் ஆனது. உன் சம்பளத்தில் போட்ட பணத்துக்குக் கணக்குப் பார்க்க நீ ஏன் ஒருத்தரிடம் கேட்டு, அவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்? பி.டி.எஃப்.பைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. இடது பக்கம் உன் பெயர், முகவரி எல்லாம் சரி. ஈமெயில் இருக்கிற இடத்தில் மாப்பிள்ளையின் அண்ணன், அந்தப் பெரியவருடைய ஆபீஸ் ஈமெயில். மொபைல் எண்ணும் உன்னுடையது இல்லை. பான் எண் மட்டும்தான் உன்னுடையது.

உள்ளே பதினொரு ஃபண்ட். பதினொன்றுக்கும் பெயரோடு "ரெகுலர் பிளான்" என்று ஒட்டியிருக்கிறது. "அட்வைசர்" என்ற இடத்தில் ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண், எல்லாவற்றிலும் ஒரே எண். நீயே நேராக வாங்கியிருந்தால் அந்த இடத்தில் "டைரக்ட்" என்று அச்சாகியிருக்கும். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட் பிளான் இருந்தே ஆக வேண்டும் என்பது ஃபண்டுகளைக் கண்காணிக்கிற செபியின் உத்தரவு. அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே பங்குகள். நடுவில் கமிஷன் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏ.ஆர்.என். வைத்திருப்பவர் விநியோகஸ்தர், கமிஷனுக்கு ஃபண்ட் விற்கிறவர். ஆலோசகராகப் பதிவு செய்தவர் வேறு. எல்லோரும் விசிட்டிங் கார்டில் என்னென்னவோ போட்டுக்கொள்கிறார்கள்.

கடைசிப் பக்கங்களை நீ பார்த்திருக்க மாட்டாய். விநியோகஸ்தருக்குப் போன கமிஷனை அங்கே ரூபாயாகவே போட்டிருக்கிறார்கள். 2016இல் வந்த விதி அது, அரையாண்டு ஸ்டேட்மெண்டில்தான் வரும். கால்குலேட்டரில் ஒருமுறை, கையால் ஒருமுறை கூட்டினேன். ஆறு மாதத்துக்கு 17,640 ரூபாய். வருஷத்துக்கு 35,000 சொச்சம். இது உன் அக்கவுண்டிலிருந்து தனியாகக் கழியாது. தினமும் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலையைப் போடும்போதே செலவைக் கழித்துவிட்டுத்தான் போடுகிறார்கள், அதனால் கண்ணில் படாது. வருஷத்துக்கு ஒருமுறை 35,000 ரூபாய்க்குப் பில் அனுப்பியிருந்தால் பேசாமல் கட்டியிருப்பாயா? ஒரு கட்டுக் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிறவள் நீ.

35,000 உன் சம்பளத்துக்குப் பெரிய தொகை இல்லை என்று மாப்பிள்ளை சொல்லலாம். நீயும் சொல்லலாம். அதற்காகத்தான் இதை நோட்டில் போட்டுப் பார்த்தேன். இன்று இருக்கிற 40 லட்சத்தில் மேற்கொண்டு ஒரு பைசா சேர்க்காமல் 20 வருஷம் அப்படியே விட்டால், வருஷம் 10 சதவீதம் வளர்ந்தால் 2 கோடியே 69 லட்சம். 9 சதவீதம் என்றால் 2 கோடியே 24 லட்சம். நடுவில் போனது 45 லட்சம். இன்றைக்கு உன்னிடம் இருக்கிற மொத்தப் பணத்தை விட அது அதிகம் மீனா. சந்தை 10 தருமா, 6 தருமா என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒரு சதவீதம் போவது மட்டும் நிச்சயம்.

பெரியவரை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. பிரசவத்தன்று ராத்திரி காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் அவர்தான், அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் செய்வது சட்டப்படியான தொழில், யாரையும் ஏமாற்றவில்லை. அவர் சொல்லிக் கேட்டு மாதாமாதம் கட்டுகிற எஸ்.ஐ.பி. போடாமல் விட்டிருந்தால் அந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலேயே தூங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி சரிந்து ஏழாயிரத்து அறுநூறுக்கு வந்தபோது என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். நீ ஒரு யூனிட்கூட விற்கவில்லை. அது அவர் சொல்லிச் செய்ததா என்று அப்போதே கேட்டேன். "இல்லப்பா, நானாத்தான், இப்ப வித்தா நஷ்டத்தை உறுதிப்படுத்தின மாதிரி ஆயிடும்ல" என்றாய். எத்தனை பேரிடம் நான் அதைச் சொன்னேன் தெரியுமா? அப்படிப்பட்டவளுக்கு மாதாமாதம் கமிஷன் கொடுத்து வைத்துக்கொள்ள ஒரு ஆள் எதற்கு?

ஆனால் போன வருஷம் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஃபண்டை விற்று, புதிதாக வெளியீட்டுக்கு வந்த ஒரு ஃபண்டில் போட்டிருக்கிறார். புதுசு என்றால் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, மலிவு என்று சொல்லியிருப்பார். பத்து ரூபாய் என்.ஏ.வி.யில் மலிவும் இல்லை, ஒன்றும் இல்லை. புது ஃபண்டுகளுக்குக் கமிஷன் கூடுதலாகத் தருவது வழக்கம். விற்றதில் உனக்கு 2,10,000 ரூபாய் லாபம். வருஷத்துக்கு 1,25,000 வரை வரி இல்லை, மிச்சம் 85,000க்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு 11,050 ரூபாய். அதை நான்தான் உன் ரிட்டர்னில் கட்டினேன். தேவையே இல்லாத வரி. விற்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டாரா? கையெழுத்து வாங்கினாரா, இல்லை, ஓ.டி.பி. அவர் போனுக்கே போனதா? இதைத்தான் போனில் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

சரி, அதை விடு.

லார்ஜ் கேப் ஃபண்ட் மட்டும் நான்கு வைத்திருக்கிறாய். பெயர்தான் வேறு வேறு. நான்கிலும் மேல் வரிசையில் ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ். சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில்தான் லார்ஜ் கேப் ஃபண்ட் தன் பணத்தில் 80 சதவீதத்தைப் போட்டாக வேண்டும், வேறெங்கே போவார்கள்? அதற்கு, நிஃப்டியில் இருக்கிற 50 கம்பெனிகளை அப்படியே வாங்கி வைக்கிற நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றே போதும். டைரக்டில் செலவு 0.2 சதவீதம், அதற்குக் கீழேயும் உண்டு. நீ இப்போது கொடுப்பது ஒன்றே முக்காலுக்கு மேல். இண்டெக்ஸ் என்றால் ஏதோ விவரம் இல்லாதவர்களுக்கு என்று பெரியவர் சிரிப்பார். அமெரிக்காவில் 1976இல் ஜான் போகிள் இதை ஆரம்பித்தபோதும் சிரித்தார்கள். 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், வந்தது 1 கோடியே 13 லட்சம். இங்கே நம் பி.எஃப். நிறுவனமே 2015 ஆகஸ்டிலிருந்து தொழிலாளர் பணத்தில் ஒரு பங்கை நிஃப்டி, சென்செக்ஸ் ஈ.டி.எஃப்.பில், அதாவது சந்தையில் பங்கு மாதிரி வாங்கி விற்கிற இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறது. உன் பி.எஃப். பணமும் அதில் சேர்த்திதான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஈமெயிலையும் மொபைல் எண்ணையும் மாற்று. ஆன்லைனில் செய்யாதே, ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் போகும். ஃபண்ட் கம்பெனிகளின் கணக்கைப் பராமரிக்கிற கேம்ஸ் ஆபீசும் கேஃபின்டெக் ஆபீசும் பெங்களூரில் இருக்கின்றன. மதிய இடைவேளையில் நேரில் போய் படிவத்தைக் கொடு, பான் நகலில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போ. அது முடிந்த பிறகு ஓடுகிற எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, அதே தொகையை ஃபண்ட் கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலேயே டைரக்டில் ஆரம்பி. இனி போகிற பணமாவது சரியாகப் போகட்டும்.

பழைய யூனிட்டுகளை ஒரே நாளில் மாற்றிவிடாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும், முடிவு எடுத்துவிட்டால் அன்றைக்கே முடிக்க வேண்டும். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு ஸ்விட்ச் போட்டால் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு, லாபத்துக்கு வரி வரும். வாங்கி ஒரு வருஷம் ஆகாத யூனிட்டுக்கு வரி 20 சதவீதம், அதோடு சீக்கிரம் வெளியே எடுப்பதற்கான எக்ஸிட் லோடும் பெரும்பாலும் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அதனால் ஒரு வருஷம் தாண்டியதை மட்டும் எடு, லாபம் 1,25,000க்குள் நிற்கும்படி. மார்ச் கடைசியில் கொஞ்சம், ஏப்ரல் பிறந்ததும் கொஞ்சம் என்று எடுத்தால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும். எந்த ஃபண்டில் எத்தனை யூனிட் என்று நான் தாளில் போட்டுத் தருகிறேன். ஆனால் முதலில் ஈமெயில்.

காப்பீட்டையும் முதலீட்டையும் சேர்த்து விற்கிற அந்த யூலிப் பாலிசியை எனக்குச் சொல்லாமலே எடுத்திருக்கிறாய். வரி விலக்குக் கணக்கில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. 2009இல் செபி ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை நிறுத்தியதும் ஏஜெண்டுகள் எல்லாம் யூலிப் பக்கம் ஓடினார்கள். எங்கள் மின்வாரிய ஆபீசிலேயே எத்தனை பேர் மாட்டினார்கள் என்று சாப்பாட்டு மேஜையில் நான் சொல்லாத நாளில்லை. நீ காதில் வாங்கவில்லை. ஐந்து வருஷம் அதை அசைக்க முடியாது, அதுவரை இருக்கட்டும். அதைக் காப்பீடு என்று மட்டும் நினைக்காதே. உன் பேரில் தனியாக, காப்பீடு மட்டுமே தருகிற டெர்ம் பாலிசி ஒன்று எடு.

யாராவது வழிகாட்டினால் தேவலை என்று தோன்றினால், செபியில் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்து, கட்டணம் மட்டும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உன்னிடம் கட்டணம் வாங்கினால் உனக்கு விற்பதில் கமிஷன் வாங்கக் கூடாது என்பது விதி. ஒருமுறை பணம் கொடு, கேட்க வேண்டியதைக் கேள், வந்துவிடு. செபி வெப்சைட்டில் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டுப் போ. சொந்தக்காரர் யாரும் வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ சரியாகச் சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வேலை அதிகமா? சம்பளம் வருகிற அக்கவுண்டின் ஏ.டி.எம். கார்டு உன்னிடம்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை எப்போது கடைசியாக மாற்றினாய்? பிளஸ் டூவில் கணக்கில் 200க்கு 200 வாங்கியவளுக்கு நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. வருத்தம் உன் மேல் இல்லை. கொஞ்சம் உன் மேலும்தான். ஈமெயிலை மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை மெசேஜ் போட்டால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாய். பெரியவரிடம் நீ சொல்லாதே, மாப்பிள்ளையே தன் அண்ணனிடம் சொல்லட்டும், அதுதான் முறை. மாப்பிள்ளையிடம் நீ சொல். குழந்தை தூங்கின பிறகு, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டு. அவரும் கணக்குத் தெரிந்தவர்தான். இனி என் பணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல், கமிஷன் பேச்சை நீயாக எடுக்காதே, அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். அண்ணன் மனசு நோகும் என்பார். நோகும்தான், ஒரு தீபாவளிக்கு முகம் கொடுக்காமல் இருப்பார், அடுத்த தீபாவளிக்குச் சரியாகிவிடுவார். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் என் பெயரை இழுக்காதே, சம்பந்தி வீட்டில் நாளைக்கு நான் எப்படி முகத்தைக் காட்டுவது?

வேண்டாம், என் பெயரையே சொல். அப்பாதான் சொன்னார் என்று சொல்.

அன்புடன்
அப்பா