கலைக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கலைக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்திலேயே "அப்புறம் பேசுறேம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். இருக்கும், உன் வேலை அப்படி. ஆனால் தீபாவளி வரைக்கும் அந்த விவாகரத்துக் கூட்டம் ஒவ்வொன்றையும், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது முதற்கொண்டு, நீயாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். சொத்துக் கணக்குப் பார்க்கிற அந்தப் பெண்மணியோடு நடந்த கூட்டத்துக்குப் பிறகு பேச்சே இல்லை. கேட்டால் கவினுக்குச் சளி என்கிறாய், பனி கொட்டுகிறது என்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, கடைசி வரைக்கும் படி.

இங்கே எல்லோரும் சௌக்கியம். விமலா தை பிறந்ததும் டொராண்டோ வருகிறாள், அவளிடம் சத்துமாவும் சுண்டைக்காய் வற்றலும் கொடுத்துவிடுகிறேன். மாடியில் ஒழுகிய இடத்தைச் சரி பண்ணியாச்சு. சம்பந்தியம்மா போன் செய்தார்கள். பேச்சு வராமல் அழுதார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

கேட்ட காகிதமெல்லாம் அந்தக் கணக்கு அம்மாவிடம் கொடுத்துவிட்டாயா? சம்பள ரசீது, வரிக் கணக்கு, ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்பு, கார் கடன், கிரெடிட் கார்டு, எல்லாம்? கேட்டதைக் கொடு. கேட்க மறந்ததையும் கொடு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நீ 'கொலாபரேட்டிவ்' விவாகரத்து என்று சொன்னபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு பக்க வக்கீலும் ஒரே மேஜையில் சிரித்துப் பேசினால் நம் பிள்ளைக்காக யார் சண்டை போடுவது என்று நினைத்தேன். நீ பொறுமையாகச் சொன்னாய். உனக்கு ஒரு வக்கீல், மாப்பிள்ளைக்கு ஒரு வக்கீல். கணக்குப் பார்க்க இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபைனான்சியல் நியூட்ரல். பேச்சு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஃபேமிலி புரொபஷனல். கோர்ட்டுக்குப் போக மாட்டோம் என்று இருவரும் வக்கீல்களோடு சேர்ந்து முதல் நாளே கையெழுத்துப் போடுகிறீர்கள். நடுவில் முறிந்து ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும், இருவரும் புது வக்கீல் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைக் கேட்டதும்தான் எனக்குப் பிடி கிடைத்தது. சண்டை நீண்டால் சம்பளம் கூடும் என்கிற நிலைமை அந்த வக்கீலுக்கு இல்லை. முடித்துக் கொடுத்தால்தான் அவருக்கு வேலை.

பவித்ரா லா காலேஜில் சேர்ந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் தேடிப் படித்துக் காட்டுகிறாள். 1990-ல் அமெரிக்காவில் மினியாபோலிஸில் ஸ்டூவர்ட் வெப் என்கிற குடும்ப வழக்கு வக்கீல்தான் இதை ஆரம்பித்தாராம். இனிமேல் சமரசத்துக்கு மட்டும்தான் வக்கீலாக இருப்பேன், கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அத்தனை வருஷம் அந்த வழக்குகளை நடத்திய மனுஷனுக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், என்ன கேட்டேன் என்று தெரியாது. வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. கூண்டில் நிற்கிறவர்கள் சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். முதல் வாய்தாவுக்கு வரும்போது இருவர் முகத்திலும் துக்கம்தான் இருக்கும். அப்போது யாராவது உட்கார வைத்துப் பேசியிருந்தால் பாதிப் பேர் பேசியிருப்பார்கள். வாய்தா மேல் வாய்தா போகப் போக துக்கம் வைராக்கியமாக மாறும். கல்யாணத்தன்று யார் மாலையை முதலில் கழற்றினார்கள் என்பது வரைக்கும் மனுவில் வந்துவிடும். ஒருத்தி தன் புருஷனைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை அடித்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் என்னால் டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை. அந்த வரி நிஜமாகக்கூட இருக்கலாம். ஆனால் அது காகிதத்தில் ஏறிவிட்டது. அவர்களுடைய பிள்ளை பெரியவனாகி நகல் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

பிள்ளைகளை வராந்தாவில் கை மாற்றிக்கொள்வார்கள். ஒரு பையன் இருவர் நடுவிலும் நின்று தன் ஷூ லேஸையே பார்த்துக்கொண்டிருப்பான். கவினுக்கும் இப்போது கிட்டத்தட்ட அந்த வயதுதான். அவனிடம் பேச ஒரு சைல்டு ஸ்பெஷலிஸ்ட் வந்தார், படம் வரையச் சொன்னார், யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று நீ சொன்னபோது நான் சாமி ரூமுக்குப் போய்விட்டேன். அவனுக்கு எது பயம், எது பிடிக்கும் என்பதை மட்டும் உங்கள் இருவரிடமும் வந்து சொன்னாரே, அவருக்கு என் நன்றியைச் சொல். தமிழில் சொன்னாலும் சரி.

உன்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "செவ்வாய்க்கிழமை நீச்சலுக்கு அவர் கூட்டிப்போனால்தான் கவின் சந்தோஷமாகப் போவான்" என்று நீயே சொன்னாயாமே. அந்த நிலையில் வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உன் அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார்.

அப்படிச் சொன்ன பெண்ணா இது என்றுதான் இப்போது என் மனசு கேட்கிறது. போன வாரம் சரவணன் வந்தான். காபி குடித்தான், டி.வி. பார்த்தான், கிளம்பும்போது உன் பெயரில் இருக்கிற ஒத்தக்கடை மனையின் பட்டாவும் தாய்ப்பத்திரமும் எங்கே இருக்கின்றன என்று கேட்டான். எதற்கென்றால் சும்மாதான் என்றான். என் வயிற்றில் பிறந்தவன் சும்மா எதையும் கேட்க மாட்டான். குடைந்து கேட்டதில், அக்கா சொல்லுச்சு, என் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடலாம்னு, பவர் உங்கிட்ட இருக்கிறதால நீ ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்து கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் முடிஞ்சப்புறம் திருப்பி எழுதிக்கலாம் என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. அந்த யோசனை உன்னுடையதாக இருக்காது, சிவகாசியில் இருக்கிறாரே, அவரிடமிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தன் தங்கை வழக்கில் என்ன செய்தார், அது எங்கே போய் முடிந்தது என்று நீயும் பார்த்தாய்தானே. பிறகும் அவர் பேச்சைக் கேட்கலாமா?

பவித்ராவை உட்கார வைத்து உங்கள் ஒண்டாரியோ குடும்பச் சட்டத்தைப் படிக்கச் சொன்னேன். நீயே சொன்ன கணக்குத்தான். பிரிந்த நாளில் இருந்த சொத்தில் கடனையும் கல்யாண நாளில் இருந்ததையும் கழித்து, இருவரில் யாருக்கு அதிகம் வளர்ந்திருக்கிறதோ அவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். கேட்டுக்கொள், பிரிந்த நாளில் இருந்தது. நீங்கள் பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு அந்த மனை உன் பெயரில் இருந்தது. இன்றைக்கு நான் போய்க் கையெழுத்துப் போட்டாலும் அன்றைய கணக்கு மாறாது. மாற்றியதுதான் தெரியவரும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 4ஆம் பிரிவை அவள் இரண்டு தடவை படித்தாள், நான் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வெளியார் ஒருவர் உனக்கென்று கொடுத்த பரிசும், பரம்பரையாக வந்ததும், பிரிந்த நாளில் உன் கையில் அப்படியே இருந்தால் பங்குக் கணக்கில் சேராது. அப்பாவும் அம்மாவும் இதில் வெளியார்தான். உனக்குக் கல்யாணம் 2012-ல். அப்பா ரிட்டயர் ஆகி, வந்த பணத்தில் உன் பெயருக்கு மனை வாங்கியது 2015-ல். அது உன் சொத்து, விலை ஏறியதும் உன்னுடையது. ஒளித்தால்தான் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறாயே, எழுதிக் காட்டினால்தான் அது உனக்கு நிற்கும். ஆனால் பரிசுதான் என்று நிரூபிப்பது உன் பொறுப்பு. அதற்கு என்னிடம் காகிதம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வீடு வாங்கும்போது அப்பா அனுப்பிய பணம் வேறு விஷயம். அது பரிசுதான் என்றாலும் குடியிருக்கும் வீட்டுக்குள் போய்விட்டதால் கழித்துக்கொள்ள முடியாது என்கிறாள். உனக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும், அந்தக் கோபத்தில்தான் மனையையாவது காப்பாற்றுவோம் என்று போயிருக்கிறாய் என்று ஊகிக்கிறேன். அந்தப் பணத்தை விட்டுவிடு தாயி. கவின் நடை பழகிய வீட்டுக்கு அவன் தாத்தா கொடுத்தது. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் வக்கீலிடம் மட்டும் மனையைப் பற்றிச் சொல்லி, வெளியே சொல்லாதீர்கள் என்று நீ கேட்டால் அவர் சொல்ல மாட்டார். ஆனால் தெரிந்துகொண்டே அந்த மேஜையில் உட்காரவும் மாட்டார், விலகிவிடுவார். அத்தோடு இத்தனை மாதம் மணிக்கணக்குப் போட்டுக் கொடுத்த பீஸும் போச்சு, அந்தக் கணக்கு அம்மாவும் போயாச்சு. அவரிடமும் சொல்லாமல் ஒப்பந்தம் எழுதி முடித்துவிட்டாலோ, பெரிய சொத்தை மறைத்தது பிறகு தெரிந்தால் அந்த ஒப்பந்தத்தைக் கோர்ட் செல்லாது என்று ரத்து செய்யலாம் என்று 56ஆம் பிரிவில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒத்தக்கடை தெரியாதா? வேலிக்கல் நட்ட அன்றைக்கு அப்பாவோடு வெயிலில் நின்றவரே அவர்தான்.

குறுக்கு விசாரணையில் நான் அடித்த கேள்விகளில் இதுவும் ஒன்று: "இந்தச் சொத்தை உங்கள் தம்பி பெயருக்கு மாற்றினீர்களா?" அந்தக் கேள்வி வந்ததும் அதுவரை உண்மை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் தொண்டை அடைக்கும். அவர்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அதன் பிறகு யாரும் நம்பியதில்லை. அந்தக் கூண்டில் உன்னை நிறுத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

சமாளிக்க முடியாவிட்டால் கணக்கு அம்மாவிடம் நேராகப் போகாதே, முதலில் அந்த ஃபேமிலி புரொபஷனலைக் கூப்பிடு. அந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் அவர் இருக்கிறார். பயந்துவிட்டேன், எங்கள் ஊரில் ஒரு மனை இருக்கிறது, சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும். அடுத்த கூட்டத்தில் எப்படி எடுத்து வைப்பது என்று அவரும் உன் வக்கீலும் பார்த்துக்கொள்வார்கள். பட்டியலை இன்னும் முடிக்கவில்லை என்றுதானே சொன்னாய். முடிக்கும் முன்பே சொல்லிவிடு. கேட்டதைக் கொடு, கேட்காததையும் கொடு.

இன்னொன்று. உங்கள் கல்யாணம் இங்கே பதிவானது. அங்கே வாங்குகிற விவாகரத்து இங்கே செல்ல வேண்டும் என்றால், இருவரும் மனமொப்பிச் சம்மதித்தது என்பது முக்கியம். 1991-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் இதைச் சொல்லியிருக்கிறது. நீங்கள் இருவரும் சேர்ந்து மனுப் போடப் போவது அந்த வகையிலும் நல்லது. மாப்பிள்ளை கடைசி நிமிடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போகும்படி ஆகிவிட்டால் இங்கேயும் ஒரு வழக்கு, அதற்கும் வாய்தா. உன் வக்கீலிடம் இதைக் கட்டாயம் கேள்.

சரவணனிடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனான், வருவான். அப்பாவின் 2015ஆம் வருஷ பாஸ்புக் இருக்கிறது. மனைக்காரருக்கு டி.டி. எடுத்த பக்கத்தில் அவரே பென்சிலில் "கலை மனை" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம், டி.டி. நகல், கிரயப் பத்திரம், பட்டா, ஈ.சி. எல்லாவற்றையும் பவித்ரா ஸ்கேன் செய்துவிட்டாள். பத்திரம் தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பு கேட்டால் சொல், இங்கேயே நோட்டரி வைத்துச் செய்துவிடலாம். மனைக்குப் பிரிந்த நாளின் மதிப்புச் சான்று வேண்டுமென்றாலும் வாங்கி அனுப்புகிறேன்.

ஸ்கேன்களை உனக்கு மட்டும்தான் மெயில் போடுகிறேன். நீ சொல்லாமல் வேறு யாருக்கும் போகாது. கணக்கு அம்மாவுக்கு நீ அனுப்பியதும் "அனுப்பிவிட்டேன்" என்று ஒரு வரி போடு, ராத்திரி எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா