கடை வாசலில் நிற்கும் வண்டி யாருடையது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேருந்து எண் தெருமுனையிலிருந்தே தெரிகிறது. மகள் வேலை மாறிவிட்டாள். என் பக்கச் செய்தி இவ்வளவுதான். சுவாரசியமெல்லாம் உன் பக்கம் இருக்கிறது. வியாபாரிகள் சங்கத்துக்கு நீ செயலாளரா! வகுப்புத் தலைவன் பதவியையே பக்கத்து பெஞ்சுக்காரனிடம் தள்ளிவிட்ட ஆள் ஆயிற்றே நீ.

கடைவீதியில் பார்க்கிங்கைக் குறைக்கப் போகிறார்கள், சரக்கு வண்டிகளுக்கு நேரம் குறிக்கப் போகிறார்கள், உறுப்பினர்கள் கொதிக்கிறார்கள், தெருவில் வண்டி நிறுத்தத்தைத் திட்டமிடும் வேலையிலேயே ஆயுசைக் கழித்த நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்றவனிடம் கருத்துக் கேட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொறுமையாகப் படி.

உங்கள் கூட்டத்தில் எல்லோரும் இடத்தை எண்ணுகிறார்கள். நாற்பது இடம் இருந்தது, முப்பதாகிவிடும், பத்து போச்சு என்று. நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் எண்ணினேன். அப்புறம்தான் நேரத்தை எண்ணப் பழகினேன். கடை பத்து மணி நேரம் திறந்திருக்கிறது என்று வை. ஒரு வண்டி நிற்கும் இடம் என்பது 600 நிமிடம். காலையில் ஒருவர் வந்து நிறுத்திவிட்டு ராத்திரி எடுத்தால் அந்த 600 நிமிடமும் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. நாற்பது நிமிடத்துக்கு ஒருவர் என்று வந்து போனால் பதினைந்து பேர். பத்து இடம் குறைந்தாலும் மிச்சம் முப்பதில் வண்டிகள் மாறிக்கொண்டே இருந்தால் உனக்கு லாபம்தான்.

நாளெல்லாம் அசையாமல் நிற்கும் வண்டி யாருடையது? வாடிக்கையாளர் எவரும் எட்டு மணி நேரம் துணி பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் 1930களில் இதே கேள்வி வந்தது. கடைக்கு வருபவர்களுக்கு இடமில்லை என்று வியாபாரிகள் புலம்பினார்கள். கார்ல் மெகீ என்ற பத்திரிகை ஆசிரியரிடம் பிரச்சினை போனது. நகர மையத்தில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து இடம் பிடித்துக்கொள்வதுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்கு விடையாக அவர் யோசித்ததுதான் காசு போட்டால் ஓடும் பார்க்கிங் மீட்டர். உலகத்தின் முதல் மீட்டரை 1935 ஜூலையில் அங்கேதான் நட்டார்கள். வியாபாரிகளைக் கஷ்டப்படுத்துவதாக இன்று நாம் நினைக்கிற அந்தக் கருவி பிறந்ததே வியாபாரிகளின் புகாரில்தான்.

இதை நான் சொன்னால் உன் ஆட்கள் கோபப்படுவார்கள், நீயே சொல்: வேலைக்கு வருபவர்கள் என்றால் முதலாளியும் சேர்த்திதான். நான் கணக்கெடுத்த ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் வாசலுக்கு நேராக நின்ற வண்டிகளில் கணிசமானவை கடைக்காரர்களுடையவை. "கஸ்டமருக்கு இடமில்லை" என்று என்னிடம் அரை மணி நேரம் சண்டை போட்ட ஒருவர், முடிந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து எதிரிலேயே நின்ற காரைத் திறந்துகொண்டு கிளம்பினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாடிக்கையாளர் எப்படி வருகிறார் என்பதிலும் நம் கணிப்பு தப்பாகத்தான் இருக்கிறது. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் எடுத்த ஒரு ஆய்வு 2021இல் வந்தது. அங்கிருந்த வியாபாரிகள் ஐந்தில் ஒருவருக்கு மேல் காரில் வருவதாக நினைத்தார்கள். உண்மையில் காரில் வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். காரில் வரும் வியாபாரிகளுக்கு, வாடிக்கையாளரும் காரில்தான் வருகிறார் என்று தோன்றுகிறது. மனித சுபாவம்தானே. உங்கள் தெருவில் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்காமல் சத்தியம் செய்யாதே.

மீட்டர் விஷயத்தில் டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சொன்ன அளவு ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் எப்போதும் ஓரிரண்டு இடம் காலியாக இருக்கும்படி கட்டணம் இருக்க வேண்டும், அதாவது சுமார் 85 சதவீதம் நிரம்பினால் போதும் என்றார். முழுக்க நிரம்பிய தெருவில் இடம் தேடிச் சுற்றுகிற வண்டிகளும் நெரிசலைக் கூட்டும். சான் பிரான்சிஸ்கோ 2011 முதல் இதைச் செய்து பார்த்தது: காலியாகக் கிடக்கும் தெருவில் கட்டணம் இறங்கும், நிரம்பி வழியும் தெருவில் ஏறும். வசூலாகும் பணம் அந்தத் தெருவுக்கே திரும்ப வர வேண்டும் என்பதும் ஷூப்பின் பிடிவாதம். சங்கம் பேரம் பேச வேண்டிய இடம் இது. பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் நடைபாதை ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

சரி, சரக்கு வண்டிக்கு வருகிறேன். என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். காரில் வருபவர் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம். முப்பது பெட்டியோடு வரும் டிரைவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு இடம் வைக்காவிட்டால் வராமலா இருப்பார்? சாலை நடுவில் நிறுத்துவார். அபராதச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார். நியூயார்க்கில் பெரிய டெலிவரி நிறுவனங்கள் பார்க்கிங் அபராதத்தையும் டீசல் மாதிரி ஒரு செலவாகவே எழுதிக்கொள்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தெருவுக்கு லோடு இறக்கும் இடம் வரைந்தேன். பத்து மீட்டர், மஞ்சள் கோடு, பலகை, எல்லாம் சரியாக இருந்தது. ஒரு லாரிகூட அதில் நிற்கவில்லை. மேலதிகாரி அபராதம் போடச் சொன்னார், போட்டோம், அப்போதும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் வெட்கத்தை விட்டு ஒரு டிரைவரிடமே கேட்டேன். "சார், வண்டி நிக்கும். பின்கதவு எங்கே திறக்கும்?" என்றார். எட்டு மீட்டர் லாரியின் பின்னால் சரக்கு இறக்கும் பலகை தரையில் படிய இன்னும் மூன்று மீட்டர் வேண்டும். நான் வரைந்த கோட்டை ஒட்டி அடுத்த கார் நின்றுகொண்டிருந்தது. அது போக, நடைபாதை விளிம்பு ஒரு சாண் உயரம். தள்ளுவண்டியை அதில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். கோட்டை நீட்டி, விளிம்பைச் சரிவாக வெட்டினோம். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. அடுத்த வாரம் லாரிகள் தானாகவே வந்து நின்றன. உங்கள் ஊர்த் திட்ட வரைபடத்தில் முதலில் இதைப் பார். வரைந்தவர் ஒரு முறையாவது லாரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாரா என்றும் கேள்.

நேரம் குறிப்பதைப் புது அநியாயம் என்று உன் உறுப்பினர்கள் நினைக்க வேண்டாம். ரோமில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டமே பகலின் பெரும்பகுதியில் வண்டிகளை நகருக்குள் விடவில்லை. கோயில் கட்டுமானம், குப்பை அள்ளுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. விளைவு, ராத்திரியெல்லாம் சக்கரச் சத்தம். தூக்கம் போச்சு என்ற புலம்பல் அடுத்த நூற்றாண்டுகளின் கவிதை வரைக்கும் போனது. ராத்திரி டெலிவரி என்றால் இன்றைக்கும் முதலில் வரும் சண்டை அதுதான். நெதர்லாந்தில் இதற்காகவே ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்: இரவு 11 முதல் காலை 7 வரை சரக்கு இறக்கும் சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. சாதாரணப் பேச்சுச் சத்தம் அவ்வளவு இருக்கும். ரப்பர் சக்கரத் தள்ளுவண்டி, சத்தம் போடாத கதவு, ரேடியோவை அணைக்கும் டிரைவர் எல்லாம் சேர்ந்தால் முடிகிற காரியம்.

கடைக்காரருக்கு வேறொரு தலைவலி: விடிகாலை சரக்கு வாங்க ஆள் யார்? நியூயார்க்கில் 2009 வாக்கில் சோதனை செய்தபோது இந்த இடத்தில்தான் பலர் பின்வாங்கினார்கள். சில கடைகள் துணிந்து டிரைவரிடமே சாவியைக் கொடுத்தன; அவர் திறந்து, குறித்த இடத்தில் இறக்கி, பூட்டிவிட்டுப் போவார். நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம், எல்லோருக்கும் ஒத்து வராது. நகைக்கடைக்காரரிடம் இதைப் பேசிக்கூடப் பார்க்காதே.

எனக்கு மிகவும் பிடித்தது பார்சலோனா வழி. சில சாலைகளில் ஒரே ஓரப்பட்டை, நெரிசல் நேரத்தில் பஸ்ஸுக்கு, நடுப்பகலில் சரக்கு இறக்க, ராத்திரி குடியிருப்பவர்களின் வண்டிக்கு என்று வைத்தார்கள். சரக்கு இடங்களில் பொதுவாக அரை மணி நேரம்தான் அனுமதி. டிரைவர் போனில் பதிவு செய்துவிட்டு இறங்க வேண்டும். இடம் அதேதான், நேரத்தைத்தான் வெட்டி வெட்டிப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

பார்சல் பையன்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். இரண்டு நிமிடம் நிற்கும் பைக்குக்கு லாரி இடம் பொருந்தாது. தெருமுனையில் நாலு பைக் நிற்கிற அளவு தனியாகக் கேட்டு வாங்கு. மாற்றுத்திறனாளிகளின் இடத்தை எந்தப் பேரத்திலும் தொடாதே, தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்தையும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். சாதாரண வேலை நாள் ஒன்றில் இரண்டு பையன்களை அனுப்பு. அரை மணிக்கு ஒரு தரம் தெருவைச் சுற்றி, எந்த இடத்தில் எந்த வண்டி என்று நம்பரின் கடைசி நாலு எண்ணை மட்டும் எழுதட்டும். லாரி எப்போது வந்தது, எங்கே நின்றது, எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும். தாளை எனக்கு அனுப்பு, கூட்டிக் கழித்துத் தருகிறேன், கண்ணும்தான் சரியாகிவிட்டதே.

அன்றைக்கு மட்டும் நீ பேருந்தில் கடைக்குப் போ. இருபது வருடமாக வாசல் மரத்தடியில் நிற்கும் உன் கார் அந்தத் தாளில் முதல் வரியாக இருந்தால், செயலாளர் என்ற முறையில் உனக்குத்தான் சங்கடம்.

அன்புடன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்