முதலில் சுவர், பிறகு மன்னிப்பு

தமிழகக் கத்தோலிக்க ஆயர் பெருமக்களுக்கும் பங்குத்தந்தையர்க்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

இந்தத் தவக்காலத்திலும் ஒப்புரவு வழிபாடுகள் நடந்தன. ஒருவரை ஒருவர் மன்னிக்கச் சொல்லி மறையுரை வைத்தீர்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவில், தலித் கத்தோலிக்கரின் குழிகளைத் தனியாக ஒதுக்கும் சாதிச் சுவர் நிற்கும் பங்குகளிலும் அதே மறையுரைதான். அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் யார் அடக்கம் செய்யப்படுகிறார்கள், எத்தனை மனுக்கள் ஆயர் இல்லம்வரை வந்தன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரைப் பற்றி எழுதாத நாளேடு இல்லை. ஆகவே பழைய கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: முதலில் சுவரை எடுங்கள், பிறகு மன்னிப்பைப் பற்றிப் பேசுங்கள்.

காலனித் தெருவில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பங்குக் கோயிலின் தூம்பா (சவவண்டி) அந்த வீட்டுக்கு வராது. பெட்டியைத் தோளில்தான் சுமக்க வேண்டும். கோயில் தெரு வழியாகப் போனால் கல்லறைக்குச் சில நிமிடம்தான், ஆனால் அந்தத் தெருவில் இந்தப் பிணம் போகக் கூடாது. ஏரிக்கரையைச் சுற்றி, வயல் வரப்பில் இறங்கிப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வரப்பில் ஆள் தனியாக நடப்பதே சிரமம். முன்னால் போகிறவர் கால் சறுக்கினால் பெட்டி ஒரு பக்கம் சாயும், உள்ளே உடல் நகரும், பின்னால் வரும் பெண்கள் அலறுவார்கள். கல்லறைக்குப் போனால் அங்கே இடம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பளிங்கு பதித்த குடும்பக் கல்லறைகளும் புல் முளைத்த வெற்றிடமும் கிடக்கும். இந்தப் பக்கம் பழைய குழியைத்தான் மறுபடி தோண்ட வேண்டும். மண்வெட்டியில் எலும்பு தட்டுப்படும். அதை ஒரு சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் புதிய பெட்டியை இறக்குவார்கள். அது பக்கத்தில் நிற்பவரின் தாயுடைய எலும்பாக இருக்கலாம். குழியை மந்திரித்து (ஆசீர்வதித்து), இறந்தவர்களின் உயிர்ப்பை நம்புவதாக அறிக்கையிட்டுவிட்டுக் குருவானவர் திரும்புகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே குடும்பத்திடம் மன்னிக்கும் மனம் வேண்டும் என்கிறோம்.

புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைக்கு, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவ அறிக்கைக்கு, ஐந்து காரியங்கள் தேவை என்று காலங்காலமாகக் கற்றுக்கொடுத்து வருகிறோம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தைக் குருவிடம் சொல்வது, கடைசியாக அபராதம் தீர்ப்பது, அதாவது பரிகாரம் செய்வது. இந்த விஷயத்தில் முறிந்துபோவது மூன்றாவது. சாதி பார்த்தது பாவம் என்று ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லலாம், உண்மையாகவே அழலாம். ஆனால் வெளியே வந்து கல்லறைக் கமிட்டிக் கூட்டத்தில் சுவர் இருக்கட்டும் என்று கையைத் தூக்கினால் அங்கே பிரதிக்கினை இல்லை. பிரதிக்கினை இல்லாத இடத்தில் பாவமன்னிப்பு செல்லாது. இது நாங்கள் கண்டுபிடித்த சட்டம் அல்ல, குருமடத்தில் நீங்கள் படித்ததுதான்.

ஐந்தாவதான அபராதம் தீர்ப்பதையும் செய்யாமல் விட்டுவிடுகிறோம். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும் அது விளைவித்த கேட்டைத் தானாகச் சரிசெய்துவிடாது, செய்த தீங்குக்கு ஈடு செய்தே ஆக வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1459ஆம் எண்ணில் சொல்கிறது. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தார், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொன்னால் சுவருக்கு அபராதம் தீர்ந்துவிடுமா?

மத்தேயு 18இல் வரும் பணியாளனின் உவமையை எடுத்து, நீ மன்னிக்காவிட்டால் உனக்கும் மன்னிப்பு இல்லை என்று பாதிக்கப்பட்டவரை அச்சுறுத்தும் வழக்கம் இருக்கிறது. அந்த உவமையில் 100 தெனாரியத்துக்காகக் கழுத்தை நெரித்தவன் பத்தாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன். நம் ஊரில் கழுத்தை நெரிக்கும் கை யாருடையது? அதே நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். எழுந்து போக வேண்டியவன் குறைக்குக் காரணமானவன். குறை சொன்னவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதை நற்செய்தி எங்கேயும் சொல்லவில்லை.

கலவரம் வரும் என்ற உங்கள் பயம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கருக்குள் நடந்த சாதி மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூடுவரை போய் இரண்டு உயிர்கள் போயின. ஆனால் பயத்தால் நடப்பதைப் பாருங்கள். மனு வருகிறது, வட்டாட்சியர் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை, 'பழைய வழக்கம் தொடரும்' என்று கையெழுத்து, மே மாதம் பங்குத்தந்தைக்கு மாற்றல். அடுத்து வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெருவாரியாகப் பிரித்த அன்பியங்கள் (வீடுகளில் கூடும் செபக் குழுக்கள்) சாதிவாரியாகவே அமைந்துவிடுவதால் இரு தரப்பும் ஒரே வீட்டில் உட்கார்ந்து செபிக்கும் சந்தர்ப்பமும் இல்லை.

எடுக்க முடியாத சுவர் எதுவும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயிலையே இரண்டாகப் பிரித்திருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. தனி இடம் கேட்டு வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயும் தோற்றார்கள். வெள்ளைக்கார ஆட்சியில் முடிந்தது இன்று ஏன் முடியாது?

2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் தீண்டாமை திருச்சபைக்குள் இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஐந்தில் நான்காவது, பாவத்தைச் சொல்வது, அன்றே முடிந்துவிட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10இல் கருப்புக்கொடி கட்டி, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையை எதிர்த்து ஊர்வலம் போகிறோம். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்த பட்டியல் சாதி உரிமை தலித் கிறிஸ்தவருக்கு இல்லை என்பது அநியாயம்தான், நாங்களும் அந்த ஊர்வலத்தில் நடக்கிறோம். அந்த அநியாயத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களைக் காப்பதில்லை, கோயிலில் அடிபட்டால் போய் நிற்க அந்த வாசலும் கிடையாது. ஆக அவர்களுக்கு மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான். அரசிடம் கேட்கும் நீதியை நம் கல்லறையில் கொடுக்காமல் எந்த முகத்தோடு டெல்லிக்குப் போகிறோம்? பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மனத்தாங்கலில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறோம். சுவர் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் ஆயரின் எழுத்து ஆணை வேண்டும். அது ஞாயிறு பூசையில் பீடத்திலிருந்து வாசிக்கப்பட வேண்டும். ஒரே தூம்பா, ஒரே பாதை, இறந்த வரிசையில் குழி என்பதும் அந்த ஆணையில் இருக்கட்டும். ஆணையை மறுக்கும் பங்கில் தேர்ப்பவனிக்கு அனுமதி கொடுக்காதீர்கள். சுவரை இடிக்கும் வேலையைப் பகலில், பங்குப்பேரவை முன்னிலையில், ஆயரோ அவருடைய முதன்மைக் குருவோ நேரில் நிற்கும்போது செய்யுங்கள். இரவில் இடித்தால் யார் இடித்தது என்ற சண்டை மிஞ்சும், பழி காலனிக்காரர்மேல் விழும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மந்திரிக்க வரும்போது, தீர்த்தச் செம்போடு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நீங்கள் தடையில்லாமல் நடந்து போக வேண்டும். அதற்கு முன்பாகச் சுவரை எடுத்துவிடுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்